எனக்கு ஒண்ணும் நாறலையே

பால் பண்ணையில் அவருக்குப் பெயர் மூக்கு. சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. கையெழுத்துப் போடும்போது மட்டும் அது அவருக்கு ஞாபகம் வரும். வயதில் பெரியவர்கள் 'மூக்கு' என்றார்கள், சின்னவர்கள் 'மூக்கண்ணன்' என்றார்கள். அவர் குடியிருந்த எட்டு வீட்டு வரிசையிலும் அதே பெயர்தான். கேலியாக வந்து மரியாதையாகத் தங்கிவிட்ட பெயர்.

காலை ஐந்தரைக்கெல்லாம் வேன்கள் வந்துவிடும். பால் கேன்கள் வரிசையாக மேடையில் இறங்கும். மூக்கு ஒவ்வொன்றாக மூடியைத் திறப்பார். பாலைப் பார்க்கமாட்டார். மூடியின் உட்புறத்தை முகத்தருகே கொண்டுபோய் ஒரே ஒரு இழுப்பு. மூடிக்குள் அடைந்து கிடக்கும் வாடை அந்த முதல் இழுப்பில் சிக்கினால் சிக்கியது. இரண்டாவது இழுப்புக்குள் காற்றோடு கலந்து காணாமல் போய்விடும். அப்புறம் ஒரே சொல். 'சரி' என்றால் கேன் உள்ளே போகும். 'தள்ளு' என்றால் வந்த வேனிலேயே திரும்பிப் போகும். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினார், மகளைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார்.

அப்படிப்பட்ட மூக்கு செத்துப்போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஒரு சளிக்காய்ச்சல். பத்து நாள் படுத்தி எடுத்துவிட்டுப் போனது, போகும்போது வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கருகும்வரை பக்கத்திலேயே நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார் மூக்கு. கொல்லைப்பக்கத்திலிருந்து ஓடிவந்த மனைவி, அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு சோப்பை எடுத்துவந்து நீட்டினாள். அடுத்து நறுக்கின வெங்காயம். அடுத்து பினாயில் பாட்டில். எல்லாமே அவருக்கு வெறும் காற்றாக இருந்தன.

ஊர்தாண்டிப் போய்ப் பார்த்த டாக்டர், வரலாம் வராமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ரிட்டையராக இன்னும் பதினெட்டு மாசம்தானே, ஓட்டிடலாம். வீட்டுல உங்க மூக்கு இனிமே நான்தான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் சொன்னதிலேயே அதுதான் பெரிய சொல் என்று நினைத்தார்.

பண்ணைக்குத் தெரிந்தால் அன்றைக்கே மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை கொடுப்பார்கள். பதவியும் இறங்கும், ஓய்வூதியமும் இறங்கும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். மூக்கு என்ற பெயரை வைத்துக்கொண்டு மூக்கில்லாமல் நடமாடுவதை எப்படித் தாங்குவது?

அதனால் ஓட்டினார். கண்ணை மூக்காக்கிக்கொண்டார். கெட்டுப்போன கேனைக் கொண்டுவருகிறவன், மூடி திறக்கும்போது எங்கேயோ பார்ப்பான். நல்ல பால் கொண்டுவருகிறவன் நேராகப் பார்ப்பான். ஈ எந்த மூடியைச் சுற்றுகிறது என்று கவனித்தார். எதிலும் பிடிகிடைக்காதபோது 'சந்தேகம்' என்று சொல்லி லேபுக்கு அனுப்பினார். "மூக்கண்ணே, இப்பல்லாம் உங்களுக்குச் சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு" என்று லேப் பெண் சிரித்தாள். வயசாச்சு இல்லையா என்று அவரும் சிரித்துவைத்தார்.

இப்படியே ஓடியிருக்கும். குறுக்கே வந்தது ஒரு குப்பைத்தொட்டி.

மூக்கின் வீட்டுக்கும் நர்ஸம்மா வீட்டுக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு சந்து. பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. நகராட்சி வீட்டுக்குச் சக்கரம் வைத்த தொட்டி இரண்டு கொடுத்திருந்தது: மக்குகிற குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். மூடியில் வெள்ளைப் பெயின்டில் வீட்டு நம்பர். மூக்கு வீட்டுப் பச்சைத் தொட்டி முதல் நாளிலிருந்தே சந்தில் அவர்கள் பாதியில், நர்ஸம்மா வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. அந்த ஜன்னலுக்குள்தான் அவள் புருஷனின் கட்டில். ஒரு காலத்தில் பஸ் ஓட்டிய மனுஷன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அந்த அறைக்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான்.

மூன்று வருஷமாக அந்தத் தொட்டியால் ஒரு தகராறும் இல்லை. குப்பை லாரி செவ்வாயும் வெள்ளியும் காலையில் வரும். மூக்கின் மனைவி எதையும் பேப்பரில் சுற்றி, லாரி வருகிற அன்றைக்குத்தான் போடுவாள். சுத்தக்காரி என்று பெயர் எடுத்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா வாசலுக்கு வந்தாள். மூக்கைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் குரலைத் தாழ்த்தியே பேசுவாள், பக்கத்துக் கட்டிலில் நோயாளி தூங்குவதைப்போல.

"தம்பி, அந்தப் பச்சைத் தொட்டிய ஒரு ஆறடி முன்னால தள்ளி வெச்சுக்கறீங்களா? அவருக்கு மூச்சு முட்டுது."

"அதுக்கென்னக்கா, பாக்கறேன்" என்றார் மூக்கு.

உள்ளே வந்து மனைவியைக் கேட்டார், நாறுகிறதா என்று. அவள் சந்துவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் நாறலையே. ஆறடி தள்ளினா நம்ம படுக்கையறை ஜன்னலுக்குக் கீழ வரும். அவ வீட்டுக் காத்து சுத்தமா இருக்கணும், நம்ம வீட்டுக் காத்து எப்படிப் போனா என்னங்கறா."

அவர் நம்பினார். நம்பாமல் எங்கே போவார்? மூக்கே அவள்தானே.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாகவேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், மூக்கின் மகளைப் பார்த்துவிட்டுப் போன ஒரு மாப்பிள்ளையின் அம்மா, கிளம்புகிற வழியில் நர்ஸம்மாவிடம் விசாரித்தாள், பெண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று. மகளுக்கு மூன்று வயதில் இரண்டு முறை வலிப்பு வந்தது உண்மை. அப்போது வாரி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளே நர்ஸம்மாதான். பிறகு வரவே இல்லை. 'ஒண்ணுமில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நர்ஸம்மா பொய்யும் சொல்லவில்லை, போட்டும் கொடுக்கவில்லை. "அதை அவங்களையே கேளுங்க" என்றாள். அவ்வளவுதான். அந்த அம்மாள் யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டிலிருந்து அப்புறம் ஒரு தகவலும் வரவில்லை.

அடுத்த வருஷமே மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்து, நன்றாகவே இருக்கிறாள். மூக்கு அதை மறந்தே போனார். அவர் மனைவி மறக்கவில்லை. நர்ஸம்மாவைப் பார்த்தால் சிரிப்பாள், அவசரத்துக்குத் தீப்பெட்டி கேட்டால் கொடுப்பாள். ஆனால் அந்த 'அவங்களையே கேளுங்க' அவளுக்குள் நாலு வருஷமாக ஊறிக்கொண்டிருந்தது.

மூக்குக்கு வாசனை போன மாதத்திலிருந்தே வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் மீன். அவருக்கு மீனும் ஒன்றுதான், சுரைக்காயும் ஒன்றுதான். நாக்கில் உப்பு, உறைப்புக்கு மேல் எதுவும் ஏறுவதில்லை. முள் குத்தினால் மீன் என்று தெரிந்துகொள்வார். காலையில் லாரி போன பிறகு மீன் வருகிறது, அடுத்த லாரிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது என்பதெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

நர்ஸம்மா இரண்டாம் முறை வந்தாள். மூன்றாம் முறை வந்தாள். மூன்றாம் முறை, சந்தில் வைத்துக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள், தாங்கமுடியாத நாற்றம் என்று. வரிசை வீட்டு ஜன்னல்களில் ஒன்றிரண்டு தலைகள் தெரிந்தன. மூக்குக்குச் சுருக்கென்றது. நாற்றத்தைப் பற்றித் தனக்கே பாடமா?

"என்ன நாத்தம்னு பேர் சொல்லுங்க பாப்போம். வீச்சமா, கவிச்சியா, ஊசலா, முடையா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் இருக்கு. பொத்தாம்பொதுவா நாத்தம்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? எனக்குத் தெரியாத நாத்தமா?"

நர்ஸம்மா, நோயாளியின் கண்ணிமையைத் திறந்து பார்ப்பவளைப்போல அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, ஜன்னல் தலைகளுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"பாலுக்குச் சொல்ற வாய் இதுக்கும் சொல்லித்தான் ஆகணும்னு இல்ல தம்பி. வீட்டுல இருக்கறவங்களையே கேளுங்க."

மூக்கு ஒரு எட்டு பின்வாங்கினார். இவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு மிரட்டுகிறாள். மகள் கல்யாணப் பேச்சில் சொன்ன அதே 'கேளுங்க'.

"கேட்டாச்சு நர்ஸம்மா" என்றார் விறைப்பாக. இருபத்தைந்து வருஷமாக அவள் அவருக்கு அக்கா. அன்றைக்குத்தான் நர்ஸம்மா ஆனாள். அவள் மட்டும் கடைசிவரை தம்பி என்பதை விடவில்லை.

உள்ளே வந்து நடந்ததைச் சொன்னார். மனைவி கொதித்துப் போனாள். இப்போது தொட்டியை நகர்த்தினால் பயந்துவிட்டோம் என்று ஆகும், பயந்தால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் பண்ணைவரை போகும் என்று வரிசையாக அடுக்கினாள். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வரிசையின் கடைசி வீட்டில் வேன்காரன் ஒருவன் இருந்தான், பண்ணைக்குக் கேன் ஏற்றி வருகிறவன். மூக்கு 'தள்ளு' என்ற கேன்களைத் திருப்பிக் கொண்டுபோய் ஊர் ஊராக ஏச்சு வாங்கியவன். அவன் காதில் ஒரு சொல் விழுந்தால் போதும்.

நர்ஸம்மாவின் புருஷன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஜன்னலைத் திறந்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார், மூடினால் வியர்த்து விறுவிறுத்துப் போனார். வேறு வழியில்லாமல் நர்ஸம்மா நகராட்சிக்கு எழுதிப் போட்டாள்.

மேற்பார்வையாளர் வந்தது ஒரு திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் தொட்டி நன்றாகக் கனிந்திருக்கும் நேரம். எட்டு வீட்டுக்காரர்களும் ஏதோ வேலையாக வந்ததுபோல் வெளியே வந்து நின்றார்கள். வேன்காரன் ஏற்கெனவே துடைத்த வேனைத் திரும்பத் துடைத்தான்.

மூக்கு செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியைக் கேட்டார்.

"கடைசியாக் கேக்கறேன். உண்மையச் சொல்லு. நாறுதா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எத்தனை தடவை கேப்பீங்க? அவளுக்கு நம்மளப் பாத்தா நாறுது. அவ்வளவுதான்."

மேற்பார்வையாளர் சண்டைக்கு வந்தவர் இல்லை. சந்தை அளந்து பார்த்தார். தொட்டி நிற்பது மூக்கின் பாதியில்தான், சட்டப்படி தப்பில்லை என்றார். சொல்லும்போதே கைக்குட்டையை எடுத்து வியர்வையைத் துடைப்பதுபோல் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஆனாலும் நாற்றம் இருந்தால் நகர்த்தச் சொல்லத் தனக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னார். அங்கேயே முடிந்திருக்கவேண்டிய விஷயம். மூக்குதான் முடியவிடவில்லை. எட்டு வீடும் பார்த்துக்கொண்டிருந்தது. பேசாமல் நின்றால் பேச்சு வரும் என்று பயந்தார். பயத்தில் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"சார், நான் பால் பண்ணையில இருபத்தெட்டு வருஷமா மோந்து பாத்துச் சொல்றவன். நான் சரின்னு சொன்ன பாலத்தான் இந்த ஊரே குடிக்குது. நாத்தம் இருக்கா இல்லையான்னு நான் சொல்றேன்."

தொட்டியருகே போனார். மூடியை இரண்டு கையாலும் தூக்கினார். மேலாக வாழைப்பழத் தோலும் முட்டை ஓடும் கட்டிய பைகளும்தான் தெரிந்தன. பழக்கம் விடவில்லை, தொட்டியைப் பார்க்காமல், மூடியின் உட்புறத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒரே ஒரு இழுப்பு. ஆழமாக, நிதானமாக, மேடையில் இழுப்பதைப்போலவே.

நிமிர்ந்தார்.

"சரி" என்றார்.

 மேற்பார்வையாளர் இரண்டடி பின்னால் போயிருந்தார், கைக்குட்டை இப்போது முகத்தை முழுசாக மூடியிருந்தது. ஒரு வீட்டுக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேன்காரன்தான் துணியை உதறிக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

"மூக்கண்ணே, எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

"முதல் இழுப்புதான்டா கணக்கு" என்றார் மூக்கு.

சொன்ன பிறகுதான் முகங்களைப் பார்த்தார். ஐந்து மாதமாக முகங்களைப் படித்தே பிழைப்பு நடத்தியவர், அன்றைக்கு முதலில் படிக்கவேண்டியதைக் கடைசியில் படித்தார். மேற்பார்வையாளரின் கண்ணில் தண்ணீர். எதிர் வீட்டுக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். தன் வீட்டு வாசற்படியில் மூக்கின் மனைவி. முகம் கல்லாக இருந்தது. உதடுகள் மட்டும் லேசாகப் பிரிந்திருந்தன. வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அவளையேதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடவில்லை. மூடமுடியவில்லை.

மேற்பார்வையாளர் ஒரு குச்சியால் மேலிருந்த பையை விலக்கினார். அடியில் ஊறிப்போன செய்தித்தாள். பிரிந்து கிடந்த தாளுக்குள் மீன் தலைகள், செதிள், குடல். தாளின் தேதி வெள்ளிக்கிழமை.

"சார், இது..." என்று ஆரம்பித்தவர், மூக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நர்ஸம்மாதான் வந்து தொட்டியை மூடினாள். "விடுங்க சார். நான் எங்க ஜன்னலைச் சாத்திக்கறேன். புகாரைத் திருப்பி வாங்கிக்கறேன்" என்றாள். அவள் மூக்கைப் பார்க்கவே இல்லை. அதுதான் அவரை இன்னும் கொன்றது.

புகாரைத் திருப்பி வாங்கலாம், அந்தச் 'சரி'யைத் திருப்பி வாங்கமுடியுமா? மேற்பார்வையாளர் ஆறடி முன்னால் வைக்கச்சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வேன்காரன் அன்றைக்கு அதற்கு மேல் வேனைத் துடைக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் மூன்று டம்ளர் பால் இருந்தது. லேப் பெண் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா ஒரு பேச்சு அடிபடுகிறது, மூன்றையும் பார்த்துச் சொல்லிவிட்டால் முடிந்தது என்றார் மேனேஜர், சங்கடப்பட்டுக்கொண்டே.

மூக்கு டம்ளரைத் தொடவில்லை.

"வேணாம் சார். மூணுலயும் ஒண்ணும் வராது."

எத்தனை நாளாக என்று மேனேஜர் கேட்டார். ஐந்து மாதம் என்றார். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பால் முழுதும் கெட்டுத் திரும்பிவந்ததும், குளிரூட்டும் இயந்திரத்தின் மேல் பழி போட்டு, அதைப் பார்த்துக்கொண்டவனை வேலையைவிட்டு அனுப்பியதும் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை. அனுப்பப்பட்டவன் கைக்குழந்தைக்காரன். அன்றைக்கு அவன் மேடைக்கு வந்து, "மூக்கண்ணே, மெஷின்ல தப்பில்லண்ணே, நீங்களாவது சொல்லுங்க" என்று நின்றான். மூக்கு அப்போது ஒரு கேன் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

அடுத்த திங்களிலிருந்து கேட். ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, வண்டி நம்பர். வேன்காரன் தினமும் கேட்டில் நிறுத்தித் தலையை வெளியே நீட்டுவான். "அண்ணே, சரியா? இல்ல தள்ளவா?" என்று கேட்பான். மூக்கு நம்பரை எழுதிக்கொள்வார். இரண்டே வாரத்தில் மூக்கண்ணன் போய் கேட்டுக்காரர் என்றாகிவிட்டது. பெயர் இத்தனை சீக்கிரம் போகும் என்று அவர் நினைக்கவில்லை.

வீட்டில் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. மேடையைவிட்டு இறக்கிய அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "வெள்ளிக்கிழமை மீன்" என்று மட்டும் சொன்னார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவ வந்து கெஞ்சணும்னு நெனச்சேன். நாலு தடவை வாசல்ல வந்து நிக்கணும்னு நெனச்சேன். நீங்க போய் முகத்த விட்டு மோந்து பாப்பீங்கன்னு நான் கண்டேனா? என் பொண்ணு அன்னிக்கு அழுதது எனக்குத்தானே தெரியும்."

"உன் பொண்ணு மூணு வருஷமா சிரிச்சுக்கிட்டு இருக்கா" என்றார் அவர். பிறகு சாப்பிட்டார். உப்பு இருந்தது, உறைப்பு இருந்தது.

நர்ஸம்மா ஒரு நாள் கேட்டுக்கே வந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். புருஷனுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொன்னாள். கொஞ்சம் சாப்பிடுகிறாராம். நிழலில் ஒதுங்கி நின்று, பாத்திரம் தீய்ந்த அன்றைக்கே தனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல தம்பி. யாரும் கேக்கவும் இல்ல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் ஒளிக்கவில்லை. "அவரையே கேளுங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

மூக்குக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் வந்த முதல் சிரிப்பு, அதுவும் பாதியில் கசந்துபோனது. அந்த ஒரு பதிலால்தானே எல்லாம். ஆனால் அந்தப் பதிலில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது. அவருக்கு ஐந்து மாதமாகக் கிடைத்த பதில்களில் அப்படி ஒன்றுகூட இருக்கவில்லை.

கேட் வேலை பகல் ஒரு மணிக்கு முடிந்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை வரும் வழியில் அவரே மீன் வாங்கிவந்தார், இரண்டு பேருக்குத் தேவையானதற்கு மூன்று மடங்கு. கொல்லையில் உட்கார்ந்து அவரே கழுவினார். தலையையும் குடலையும் செதிளையும் எதிலும் சுற்றாமல், அப்படியே கொண்டுபோய்ப் பச்சைத் தொட்டியில் கொட்டினார். காலையிலேயே லாரி போயிருந்தது. தொட்டி நகராட்சி எழுதிக் கொடுத்தபடி ஆறடி முன்னால், அவர்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது. நடுவில் இரண்டு முறை மனைவி அதை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போயிருந்தாள். இரண்டு முறையும் அவர் அதைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்து, அதே இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார்.

சனி போனது. ஞாயிறு போனது. திங்கட்கிழமை மத்தியானம், கேட்டிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, படுக்கையறை ஜன்னலை அகலத் திறந்துவைத்துப் படுத்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. ஈக்களின் சத்தம் அறைக்குள் கேட்டது. மனைவி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுந்து போனாள். மறுபடியும் வந்தாள்.

"ஜன்னலைச் சாத்தட்டுமா?"

"ஏன்? காத்து நல்லா வருதே."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் பிரிந்திருந்தன. வாயால் மூச்சு விட்டாள்.

"நாறுதுங்க" என்றாள் கடைசியில்.

அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் காத்திருந்தார். வந்ததும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் இல்லை. ஆழமாக, நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் நாறலையே."

"ஏங்க, குடலைப் புரட்டுதுங்க. தள்ளி வெச்சிடலாங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்றத வெச்சு இனிமே நான் எதுவும் சொல்றதா இல்ல. ஒண்ணு செய். பக்கத்து வீட்டுக்குப் போ. நர்ஸம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டு. அவங்க நாறுதுன்னு சொன்னா இந்த நிமிஷமே எடுத்துடறேன்."

அவள் ஜன்னல் வழியாகச் சந்தின் அந்தப் பக்கம் பார்த்தாள். நர்ஸம்மா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்டது; யாரோ யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணி இருபது எட்டு வைத்தால் அந்த வாசல்.

அவள் நெடுநேரம் நின்றாள். பிறகு வந்து கட்டில் ஓரத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"போகலையா?" என்று கேட்டார் அவர்.

 வாயால் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.